ராசா இல்லாத கோட்டை

நானுஓயாவிலிருந்து அட்டன் நோக்கி இறங்கும் பெருவழியில், லிந்துலையையும் தலவாக்கலையையும் கடந்து சிறிது தூரம் சென்றதும், பிரயாணிகளை ஒரு கணம் திகைக்கவைக்கும் கட்டடம் ஒன்று தோன்றும். கருஞ்சாம்பல் நிறக் கற்சுவர்கள். மூலைகளிலே உருண்டு எழுந்த காவற் கோபுரங்கள். உச்சியிலே பல்வரிசை போன்ற கொத்தளங்கள். அம்பும் வில்லும் தாங்கிய வீரன் ஒருவன் மேலிருந்து எட்டிப் பார்ப்பானோ என்று ஐயுறும்படி அது நிற்கிறது. சுற்றுமுற்றும் நோக்கினாலோ தேயிலைச் செடிகள், கொழுந்துக் கூடைகள், தூரத்தே டெவோன் அருவியின் வெள்ளிக் கோடு. இவற்றின் நடுவே ஸ்கொட்லாந்து தேசத்துக் கோட்டை ஒன்று வழி தவறி வந்து நின்றுவிட்டது போலத் தோன்றும்.

மிலெஸ்னா நிறுவனத்தின் ‘தேயிலைக் கோட்டை’ அது. 1983ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற அந்த இலங்கைத் தேயிலை வணிக நிறுவனம், வழிப்போக்கர் இறங்கித் தேநீர் அருந்தவும் தேயிலைப் பொதிகள் வாங்கவும் அமைத்த கடையே இது. முகப்பில் ஜேம்ஸ் டெய்லரின் சிலை நிற்கிறது. இலங்கையிலே தேயிலைப் பயிர்த் தொழிலுக்கு வித்திட்டவர் என வரலாறு போற்றும் அந்த ஸ்கொட்லாந்துக்காரரின் நினைவாகவே கடை கோட்டை வடிவம் பெற்றது.

சில காலத்திற்கு முன் மாணவர் சிலரைக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துக்கொண்டு அவ்வழியே போனேன். பஸ் அக்கோட்டையின் முன் நின்றது. ஆறாந் தரத்திலே படிக்கும் தோட்டத்துச் சிறுவன் ஒருவன் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“சேர், இந்தக் கோட்டையில எந்த ராசா இருந்தாரு?”

“ராசா யாரும் இருக்கலப்பா. இது தேயிலைக் கடை” என்றேன்.

“அப்ப எதுக்கு சேர் கோட்டை?”

அன்று அவனுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆயினும் அக்கேள்வி என்னை விட்டபாடில்லை. ஒரு கடை எதற்காகக் கோட்டை வேடம் பூண வேண்டும்? தேயிலையின் கதையிலே கோட்டை எங்கிருந்து வந்தது? ஆசிரியன் என்ற முறையில் அவனுக்கு நான் கடன்பட்டிருந்த விடையையே இங்கே எழுத முற்படுகின்றேன்.

கடைகள் இவ்வாறு வேடம் பூணுவது உலகத்துக்குப் புதிதன்று. மோட்டார் வண்டி பெருகிய காலத்தே, விரைந்து செல்லும் பிரயாணியின் கண்ணை ஒரு நொடியிற் கவர வேண்டிய தேவை சாலையோர வணிகருக்கு உண்டாயிற்று. பெயர்ப்பலகையைப் படித்து முடிக்குமுன் வண்டி கடந்துவிடும்; கட்டடமே பெயர்ப்பலகையானால் கடந்துபோக மனம் வராது. அமெரிக்க நாட்டின் நியூயோர்க் மாநிலத்திலே, லோங் தீவில், 1931ஆம் ஆண்டு வாத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வாத்தும் முட்டையும் விற்பதற்கு மாபெரும் வாத்தின் உருவிலேயே சீமெந்தாற் கடை கட்டினார். அவ்வாத்தின் கண்களாகப் பொருத்தப்பட்டவை பழைய போர்டு மோட்டார் வண்டியின் பின்விளக்குகள். அதற்கும் முன்னர், 1922இல், வாஷிங்டன் மாநிலத்துச் சில்லா என்னும் ஊரிலே தேநீர்க் கேத்தல் வடிவில் ஒரு கட்டடம் எழுந்தது. கைப்பிடியும் மூக்கும் உடைய அக்கேத்தலில் விற்றது தேநீர் அன்று, பெற்றோல். அந்நாளிலே ‘டீபொட் டோம்’ என்ற பெயருடைய எண்ணெய் நிலத்தைக் குத்தகைக்கு விட்டதில் அமெரிக்க ஆட்சியாளர் ஊழல் புரிந்தனர் என்ற செய்தி நாடெங்கும் அடிபட்டது. அதை எள்ளி நகையாடவே எண்ணெய்க் கடைக்காரர் கேத்தல் கட்டினார். விளையாட்டாகக் கட்டிய இவ்விரண்டையும் அந்நாட்டார் பின்னர் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிற் சேர்த்துக் காத்து வருகின்றனர்.

1972ஆம் ஆண்டிலே ரொபேர்ட் வெஞ்சூரி, டெனிஸ் ஸ்கொட் பிரவுண், ஸ்டீவன் ஐசனோர் என்னும் மூவர், லாஸ் வேகாஸ் நகரின் கட்டடங்களை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். தான் சொல்ல வந்ததைத் தன் உருவத்தாலேயே சொல்லும் கட்டடத்திற்கு, அந்த லோங் தீவுக் கடையை நினைந்து, ‘வாத்து’ என்றே அவர்கள் பெயரிட்டனர். வெறும் பெட்டி போன்ற கட்டடத்தின் முன்னே அலங்காரப் பலகையை நிறுத்திப் பேசவைப்பதை ‘அலங்கரித்த கொட்டகை’ என்றனர். வேடிக்கையான பெயர்கள்தாம். ஆயினும் அவற்றுள்ளே ஆழ்ந்த உண்மை ஒன்று உண்டு. கட்டடங்கள் பேசுகின்றன. கல்லும் சுண்ணாம்பும் சொல்வதைக் கண்டோர் தம்மை அறியாமலே நம்பிவிடுகின்றனர்.

அப்படியானால் தலவாக்கலைச் சாலைக் கோட்டை என்ன சொல்கிறது? வாத்துக் கடை வாத்து விற்றது. இக்கடை தேயிலை விற்கிறது. ஆனால் இதன் உருவம் தேயிலையை ஒத்ததன்று; ஸ்கொட்லாந்தை ஒத்தது. தேயிலை வேறு, ஸ்கொட்லாந்து வேறு என்று எண்ணாதே, இதன் பிறப்பிடம் அதுவே என்பதுதான் அக்கற்களின் பேச்சு. அப்பேச்சிலே பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலிற் பார்ப்போம்.

ஜேம்ஸ் டெய்லர் 1835ஆம் ஆண்டு மார்ச் 29ஆந் திகதி ஸ்கொட்லாந்தின் கின்கார்டின் பகுதியிலே எளிய குடும்பத்திற் பிறந்தார். 1852இல், பதினேழு வயதும் நிரம்பாத இளைஞராக, இலங்கைக் கோப்பித் தோட்டத்திலே உதவித் துரையாக வேலை பார்க்க வந்தார். கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டமே அவருடைய வாழ்நாள் முழுவதும் அவருக்கு வீடாயிற்று. 1867இல் அத்தோட்டத்தின் ஏழாம் இலக்க மலையில், பத்தொன்பது ஏக்கர் பரப்பிலே தேயிலை நாட்டினார். இரண்டு ஆண்டு கழித்து, 1869இலே, கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொடி படிந்தாற் போன்ற நோய் காணப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நோய் மலைநாட்டின் கோப்பியை வேரோடு சாய்த்தது. துரைமார் பலர் நொடித்துப்போயினர். அவ்வேளையிலே அனைவரும் திரும்பிப் பார்த்த இடம் டெய்லரின் பத்தொன்பது ஏக்கராகும்.

அவர் தேயிலை பதம் செய்த விதமே நான் என் மாணவர்க்குச் சொல்ல விரும்பும் கதை. தொடக்கத்தில் அவருக்கு ஆலை இல்லை. தமது பங்களாவின் விறாந்தையிலே மேசைகளைப் போட்டு, கொழுந்தைக் கையாலும் முழங்கையாலும் உருட்டச் செய்தார். களிமண் அடுப்பிலே கரி மூட்டி, அதன்மேற் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினார். 1872இலே தான் முறையான ஆலை அமைந்தது. மறு ஆண்டு 23 இறாத்தல் தேயிலை லண்டன் சந்தைக்குச் சென்றது. 1874இல் அவர் தம் வாழ்நாளில் எடுத்த ஒரேயொரு நீண்ட விடுமுறையும் டார்ஜிலிங் சென்று தேயிலைத் தொழிலைக் கற்றுவருவதற்கே பயன்பட்டது. நாற்பது ஆண்டு உழைத்த பின், 1892இலே, தோட்டத்தை விட்டு விலகும்படி உரிமையாளர் பணித்தனர். அவர் விலகவில்லை. அவ்வாண்டு மே மாதம் 2ஆந் திகதி வயிற்றுக்கடுப்பினால், தாம் நட்ட தேயிலையின் நடுவிலேயே உயிர் நீத்தார்.

சிந்தித்துப் பாருங்கள். இம்மனிதரின் கதையில் எங்கே இருக்கிறது கோட்டை? மரத்தாலான குடில் இருந்தது. அதன் புகைபோக்கியின் எச்சத்தை லூல்கந்துரவில் இன்றும் காணலாம். விறாந்தை இருந்தது. கரி அடுப்பு இருந்தது. கொத்தளமும் கோபுரமும் அவருடைய தாய்நாட்டுப் பிரபுக்களுக்கு உரியவையேயன்றி, வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்த அந்த இளைஞருக்கு உரியவையல்ல. தேயிலை பிறந்த கட்டடத்தை வழியோரத்திலே எழுப்புவதானால், எழுப்ப வேண்டியது ஒரு விறாந்தையேயாகும்.

எனினும் இக்கோட்டை வானத்திலிருந்து குதித்ததன்று. இதற்கு முன்னோர் உண்டு. எங்கள் நானுஓயாவைச் சுற்றி நடந்து பாருங்கள். எடின்பரோ என்றொரு தோட்டம், கிளாசோ என்றொரு தோட்டம். தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட். ஸ்கொட்லாந்தின் தலைநகரும் அங்குள்ள அரண்மனையும் நூற்றாண்டுக்கு மேலாக எங்கள் கொழுந்து மலைகளின் பெயர்ப்பலகைகளிலே குடியிருக்கின்றன. தம் ஊரை நினைந்து ஏங்கிய துரைமார் இட்ட பெயர்கள் அவை. அப்புத்தளையிலோ ஏக்கம் பெயரோடு நில்லாமற் கல்லாகவும் எழுந்தது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்பார் 1931இலே, இங்கிலாந்தின் லீட்ஸ் கோட்டையை நினைவூட்டும் அடிசம் மாளிகையை அங்கே கட்டினார். அதிலே இப்பொழுது பெனடிக்தின் சபைத் துறவியர் வாழ்கின்றனர். துரைமார் இட்ட பெயர்களுக்கும் எழுப்பிய மாளிகைகளுக்கும் வாரிசாகவே தேயிலைக் கோட்டை வந்திருக்கிறது. வேறுபாடு என்னவெனில், முன்னையவற்றை ஏக்கம் எழுப்பிற்று. இதனை வணிகம் எழுப்பியது. துரைமார் போன பின்பும் அவர்களுடைய கனவுக்கு விலை உண்டு என்பதை வணிகம் நன்றாக அறியும்.

இனி, கற்கள் சொல்லாத மறுபாதிக்கு வருவோம்.

தேயிலையின் உண்மையான கட்டடம் ஒன்று உண்டு. அதுவும் வழியோரத்திலேயே நிற்கிறது. கோட்டையைப் பார்க்க வண்டியை நிறுத்துவோர் அதனைப் பார்க்க நிறுத்துவதில்லை. நீளமான ஒரே கூரை, அதன் கீழே வரிசை வரிசையாக அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம், பத்தடிக்குப் பன்னிரண்டடி. சில இடங்களிலே முதுகோடு முதுகு ஒட்டியபடி இரட்டை வரிசை. அங்கே பின்சுவரில் யன்னல் வைக்கவும் வழியில்லை. ஆங்கிலத்திலே ‘வரிசை’ என்னும் பொருள் தரும் சொல்லையே எம்மவர் ‘லயம்’ ஆக்கிக்கொண்டனர். இசைக்கு உரிய அழகிய சொல், புகை சூழ்ந்த இருட்டறைக்குப் பெயராகி, லயக் காம்பராவாய் நிலைத்துவிட்டது. பிறப்பும் திருமணமும் சமையலும் படிப்பும் மரணமும் அந்த ஒரே காம்பராவுக்குள் நிகழ்ந்தன. கோப்பிக் காலத்திலே, பருவத்துக்கு வந்து போகும் கூலிகளுக்கெனத் தற்காலிகமாக அமைத்த அமைப்பு அது. தேயிலை வந்ததும் வந்தவர் திரும்பவில்லை. ஆனால் தற்காலிகக் கட்டடம் மட்டும் நிரந்தரமாயிற்று.

அவர்கள் வந்த வழியையும் நினைக்க வேண்டும். தமிழகத்திலிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையிலே இறங்கி, காடு கடந்து மாத்தளை வரை கால்நடையாக வந்த கூட்டங்களிலே, பசிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே வீழ்ந்தவர் கணக்கற்றோர். அந்நெடும்பயணத்தை நினைவுகூர்ந்து, மலையகத்தாரின் இருநூறாவது ஆண்டு நிறைவையொட்டி 2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் கால்நடையாகவே நடந்தனர். வந்தவர்களின் வழித்தோன்றல்கள் காட்டை வெட்டினர், சாலை போட்டனர், 1885இல் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதையிலே தேயிலைப் பெட்டிகளை ஏற்றினர். நாடு சுதந்திரம் அடைந்த 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம், அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதியைப் பத்தாண்டு ஒத்திவைத்தது.

இந்தத் தலவாக்கலைத் தொகுதியிலிருந்துதான், 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே, சி. வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் சென்றார். தோட்டத்திலே பிறந்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டிய எழுத்தாளர் அவர். லயத்திலே பாடப்பட்டதும் இலக்கியமே என்று உலகுக்கு உணர்த்தியவர். டெய்லரின் பெயரை அறிந்து அவ்வழியே செல்லும் பிரயாணிகளுள் எத்தனை பேர் வேலுப்பிள்ளையின் பெயரை அறிவர்?

கோட்டையை இடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பனி மூடிய மாலையிலே அங்கே அமர்ந்து சூடான தேநீர் அருந்துவது இனிமையான அனுபவமே. எதிரே மலை, அருவி, கையிலே நல்ல கொழுந்தின் மணம். அருகேயுள்ள சென். கிளயர் அருவி, 2012இலே மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கிய பின் முன்னைய பெருக்கை இழந்துவிட்டது. அருவி மெலிந்த வழியிலே கோட்டையாவது ஒரு காட்சியாக இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வணிகர் தம் தொழிலின் முன்னோடியை மறவாமற் சிலை வைத்தமையும் பாராட்டுக்குரியதே. எத்தனை தொழில்கள் தம் முன்னோடியை நினைக்கின்றன?

என் மனக்குறை வேறு. டெய்லர் இறந்தபோது, அவருடைய உடலை லூல்கந்துரவிலிருந்து கண்டி வரை மலைப்பாதையிலே தோளிற் சுமந்து சென்றவர் அவருடைய தொழிலாளரே. ஆள் பருமன் மிகுந்தவர். ஆகவே பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு குழுவினர் மாறி மாறிச் சுமந்தனர். ஏனையோர் பின்னே நடந்தனர். ‘சாமி துரை’ என்று அவரை அவர்கள் அழைத்தார்களாம். கண்டியிலே மகியாவை மயானத்திற் கல்லறை இருக்கிறது. கல்லறையிலே அவருடைய பெயர் இருக்கிறது. தலவாக்கலைச் சாலையிலே சிலை இருக்கிறது. சுமந்த இருபத்துநான்கு பேரின் பெயர்களைக் கல்லிலே பொறித்தவர் எவரும் இல்லை.

இப்பொழுது லயங்கள் மெல்ல மறையத் தொடங்கியிருக்கின்றன. ஏழு பேர்ச் காணியிலே தனித்தனி வீடு என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் உதவியால் மலையகத்தில் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டமும், அதன்பின் 2017இல் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் அம்முயற்சியின் பகுதிகள். வேலை மெதுவாகவே நடக்கிறது. பல குடும்பங்கள் இன்றும் லயத்திலேயே வாழ்கின்றன. லயங்கள் ஒழிய வேண்டும். ஒன்று விடாமல் ஒழிய வேண்டும். அதிலே இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் கடைசி லயமும் இடிந்த பின்னர், அந்தச் சாலையிலே எஞ்சி நிற்கப்போவது எது? கோட்டை மாத்திரமே. அப்போது வரும் தலைமுறை, தேயிலையை ஏதோ ராசா ஒருவர் கோட்டையிலிருந்து வளர்த்தார் என்று எண்ணினால், தவறு அவர்களுடையதாகுமா?

இதனை முன்பே உணர்ந்தவர்களும் உளர். கண்டி ஹந்தானையிலே 1925ஆம் ஆண்டுத் தேயிலை ஆலையொன்று 2001இல் அருங்காட்சியகம் ஆக்கப்பட்டது. இயந்திரங்களும் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்கே உள்ளன. இயந்திரத்தை இயக்கியோருக்கோ? அதற்கு விடையாக, சமூக அபிவிருத்தி நிறுவனத்தார் கம்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே, பழைய லயம் ஒன்றையே 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கினர். கோபுரமும் கொத்தளமும் அதற்கு இல்லை. உழைத்தோர் புழங்கிய கருவிகளும் வீட்டுப் பொருள்களும் பழைய பத்திரங்களும் அக்காம்பராக்களிலே காத்து வைக்கப்பட்டுள்ளன. அதுவும் அமெரிக்கர் கூறிய ‘வாத்து’ இனத்தைச் சேர்ந்ததே. ஏனெனில், சொல்ல வந்ததைத் தன் உருவத்தாலேயே சொல்லிவிடுகிறது.

அடுத்த சுற்றுலாவுக்கு அந்த இடத்தையே தேர்ந்தேன். கேள்வி கேட்ட அதே சிறுவனும் வந்திருந்தான். தாழ்ந்த கூரையின் கீழே குனிந்து நுழைந்தான். கரிபடிந்த சுவரையும் மூலையையும் சுற்றிப் பார்த்தான். கோட்டையின் முன் அண்ணாந்து நின்றவன் இங்கே அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லை. என் பக்கத்திலே வந்து, மற்றவர்க்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னான்:

“சேர், இது எங்க வீடு மாதிரியே இருக்கு.”

அருங்காட்சியகத்திலே அடங்க வேண்டிய ஒன்று அவனுக்கு இன்னமும் வீடாக இருக்கிறது. என்ன விடை சொல்வேன்? சிறிது நேரம் அவன் தோளிற் கை வைத்தபடி நின்றேன். பின்பு, முதல் நாள் அவன் கேட்ட கேள்விக்கு அன்றுதான் விடை சொன்னேன்.

“அந்தக் கோட்டையில எந்த ராசாவும் இருக்கலப்பா. தேயிலைய உண்டாக்கினவங்க இந்தக் காம்பராவிலதான் இருந்தாங்க. ஒன் தாத்தாவும் பாட்டியும் அவங்கள்ல சேர்த்திதான்.”

அவன் ஒன்றும் பேசவில்லை. திரும்பி உள்ளே போய், முன்னர் ஒரு முறை பார்த்துவிட்ட காம்பராவை மறுபடியும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினான்.